ஒரு தடவை வந்தது போதாதா?

கண்ணா,

போன வாரம் ஃபோனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனதை விட்டுப் போகவே இல்லை. "மலேரியா வந்து போயிடுச்சும்மா, இனி உடம்பே பார்த்துக்கும்." கொசுவலை கட்டுவதை விட்டுவிட்டதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். தட்டம்மை மாதிரி நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. ஃபோனில் விளக்கினால் பாதியிலேயே 'சரிம்மா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருடம் நான் வகுப்பில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது டென்ட்ரிடிக் செல், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை. 1973-ல் ரால்ஃப் ஸ்டெய்ன்மேனும் சான்வில் கோனும் இதை முதலில் விவரித்தார்கள். மரக்கிளை மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு திரியும். கிருமியை விழுங்கி, அதன் துண்டை டி செல்லிடம், அதாவது கிருமியோடு சண்டை போடும் இன்னொரு வகை வெள்ளணுவிடம், கொண்டுபோய்க் காட்டும். ஆனால் காட்டினால் மட்டும் போதாது, 'இது ஆபத்து' என்ற சைகையையும் கூடவே கொடுக்க வேண்டும். அந்தச் சைகை வராவிட்டால் டி செல் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும், சில சமயம் அதற்கப்புறம் எழுப்பினாலும் எழாது.

மலேரியா கை வைப்பது இந்த இடத்தில்தான். ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது; மிச்சமாகும் ஹீம் அதற்கே விஷம் என்பதால் அதை ஹீமோசாயின் என்ற பழுப்புப் படிகமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகையில் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒரு முறை சிவப்பணுக்கள் வெடிக்க, அந்தப் படிகமும் வெளியே கொட்டுகிறது, டென்ட்ரிடிக் செல்கள் அதையும் விழுங்குகின்றன. எலிகளில் பார்த்தபோது, படிகம் நிறைந்த டென்ட்ரிடிக் செல்லால் டி செல்லைச் சரியாகத் தூண்ட முடியவில்லை. சம்பந்தமே இல்லாத வேறு பொருளுக்கு எதிரான டி செல் வேலைகூட மந்தமானது.

1999-ல் வந்த ஆய்வு ஒன்றில், ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்களோடு வைத்த மனித டென்ட்ரிடிக் செல்கள் முதிர்ச்சியடையவே தடுமாறின. அப்புறம் வேறு சிலர், இல்லை, அவை நன்றாகவே விழித்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். இரண்டு பக்கமும் உண்மைதான் என்று நினைக்கிறேன், எப்போது பார்க்கிறோம், ஒட்டுண்ணி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொற்றின் ஆரம்பத்தில் அவை விழித்து டி செல்களை எழுப்புகின்றன. ஒட்டுண்ணி கொட்டிக்கொண்டே இருக்க இருக்க, அடுத்த சைகைக்கு அசையாமல் ஆகிவிடுகின்றன. டி செல்களும் பிடி-1 போன்ற நிறுத்தக் குறிகளைத் தாங்கி ஓய்ந்துபோகின்றன. இதை முழுக்க ஒட்டுண்ணியின் தந்திரம் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். உடம்பே ஐஎல்-10 என்ற அடக்கும் புரதத்தைச் சுரந்து பிரேக் போடுகிறது, ஏனென்றால் டி செல்கள் அளவு மீறினால் உடம்புக்கே ஆபத்து.

இன்னொன்றும் இருக்கிறது. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, உள்ளே இருப்பதை, தொற்றிய செல்லை அழிக்கும் கொலையாளி டி செல்லுக்குக் காட்டும் எம்ஹெச்சி வகை 1 மூலக்கூறும் அதன்மேல் அநேகமாக இல்லை. அதனால் ரத்தத்தில் சண்டையைப் பெரும்பாலும் மற்ற செல்களைத் தூண்டிவிடும் உதவி டி செல்லும் எதிர்ப்புரதமும் (ஆன்டிபாடி)தான் போட வேண்டும். அந்த உதவி டி செல்லை எழுப்புவதே டென்ட்ரிடிக் செல்தான், அதுவே தளர்ந்தால் கிருமியைப் பற்றிய உடம்பின் நினைவு எப்படி உறுதியாகும்? போதாததற்கு, ஃபால்சிபாரத்திடம் சிவப்பணுவின் மேல் வைக்கும் புரதத்துக்குச் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன, எதிர்ப்புரதம் அடையாளம் கண்டுகொள்ளாதபடி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும். பல வருடம், பல தடவை வந்தவர்களுக்கும் அரைகுறைப் பாதுகாப்புதான் கிடைக்கிறது, அதுவும் அந்த இடத்தை விட்டு விலகி இருந்தால் மங்கிவிடும். உனக்கு வந்ததோ ஒரே ஒரு தடவை.

அதனால், காய்ச்சல் அடித்தால் 'இது வேற ஏதாவதா இருக்கும்' என்று நீயாக முடிவு பண்ணாதே, அன்றைக்கே ரத்தம் கொடுத்துப் பார். மாத்திரை கொடுத்தால் உடம்பு தேறியதும் நிறுத்தாமல் முழுதாக முடி. இன்று ராத்திரி படுக்கும் முன் வலையை எடுத்துப் பார், ஓட்டை இருந்தால் தைத்துவிட்டுக் கட்டு. கட்டிவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அம்மா