நேராகக் கேட்ட அண்ணிக்கும் மற்றவர்களுக்கும்

அண்ணிக்கு, மருந்துக் கடை அண்ணனுக்கு, போனில் பேசிய பேர் தெரியாத தம்பிக்கு, பீன்யா கார்மென்ட்ஸில் என் லைனில் தைக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் வலது பக்கமாக மென்று ஒரு முறுக்குத் தின்றேன். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் தண்ணீரைக்கூட ஒதுக்கித்தான் குடித்தேன். முறுக்கைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதைத் தின்ன நான் இருக்கிறேனே, அது உங்களால்.

காரணம் என் முக வலி. அது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். ஒரு அடி சில வினாடிதான், ஆனால் நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை வரும். பல் தேய்த்தால் அடிக்கும், முகம் கழுவினால் அடிக்கும், ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி ஏசிக் காற்று பட்டாலே அடிக்கும். பல்லில்தான் கோளாறு என்று ஒரு பல் டாக்டர் நல்ல பல் இரண்டைப் பிடுங்கினார். பல் போனது, வலி அங்கேயே இருந்தது. சாதாரண வலி மாத்திரை எதுவும் கேட்கவில்லை. முகத்தில் ஒரு வீக்கம்கூட இல்லையே என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள். வலியைவிட அந்தச் சிரிப்புதான் என்னை ஒடித்தது.

அண்ணி, அன்றைக்கு நீங்கள் கிண்ணத்தில் கீரை கடைந்து எடுத்து வந்தீர்கள், மெல்ல வேண்டாமே என்று. நான் பீரோ சாவியையும் எல்ஐசி பேப்பரையும் மகளிடம் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, "செத்துப் போயிடலாம்னு நெனக்கிறியாம்மா?" என்று நேராகக் கேட்டீர்கள். ஆமாம் என்றேன். பிள்ளை முகத்தைப் பார் என்று சத்தியம் வாங்கவில்லை, உனக்கென்ன குறை என்று திட்டவில்லை. "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டீர்கள். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை மனசில் விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது மாசக்கணக்கில் உள்ளேயே இருந்தது. வெளியே சொன்ன அன்றுதான் கொஞ்சம் தூங்கினேன்.

மாத்திரைப் பையை நீங்கள் எடுத்துப் போனபோது கோபம் வந்தது, மன்னிக்கணும். மருந்துக் கடை அண்ணனும் உங்களோடு சேர்ந்துகொண்டு ஒரு வாரத்துக்கு மேல் தரமாட்டேன் என்றார். சனிக்கிழமை சனிக்கிழமை நோட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை நான் போகாததற்கு வீட்டுக்கே ஆள் அனுப்பினார்.

அன்று ராத்திரியே 14416க்குப் போன் போட்டுக் கொடுத்தீர்கள். அது டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசாங்கத்தின் இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம் என்பதெல்லாம் அதுவரை எனக்குத் தெரியாது. போலீஸ் வருமோ என்பதுதான் என் முதல் கேள்வி. அந்தத் தம்பி சிரிக்காமல் பதில் சொன்னார்: பேசுவது குற்றமே இல்லை, முயற்சி செய்தவரைக்கூட கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும் என்றுதான் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது என்றார். பிறகு முக்கால் மணி நேரம் என் கன்னத்தைப் பற்றியே பேசினோம். வலி வரும்போது யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று காலண்டர் அட்டையின் பின்னால் எழுத வைத்தார். முதல் பேர் உங்களுடையது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா பஞ்சால் கன்னத்தைத் தொட்டார்கள். நான் துள்ளியதும், "பல்லு இல்லம்மா, முக நரம்பு" என்றார்கள். நோயின் பேர் டிரைஜெமினல் நியூரால்ஜியா. ரத்தக் குழாய் ஒன்று நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் காட்டினார்கள். நம்பும்படி ஒரு படம் கிடைத்ததே என்று அங்கேயே அழுதேன். இந்த நரம்பு வலிக்கான கார்பமசெபின் மாத்திரையைக் கொஞ்சமாக ஆரம்பித்து ஏற்றினார்கள். முதலில் தலை சுற்றியது, அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு. மனசுக்கும் தனியாகப் பார்த்தார்கள். இந்த நோய்க்கு இணையத்தில் 'தற்கொலை நோய்' என்று ஒரு பட்டப்பேர் இருக்கிறது. என் மகள் அதைப் படித்துவிட்டு, என்னிடம் சொல்லாமலே வைத்திருந்தாள். பதினைந்து வயசுப் பிள்ளை. அந்தப் பேர் வைத்தவன் கையில் கிடைத்தால் பேசிக்கொள்கிறேன். டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்து, இதற்கு மருந்து இருக்கிறது, மருந்து போதாவிட்டால் ஆபரேஷனும் இருக்கிறது என்று விளக்கினார்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

லைனில் ஃபேன் காற்று படாத மெஷினை எனக்கு விட்டுக் கொடுத்தவளே, உனக்கும். நீங்களெல்லாம் தினம் காலையில் "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பீர்கள். இன்றைக்கு இரண்டு.

வலி முழுசாகப் போகவில்லை. ஆபரேஷனுக்கு இன்னும் பயம்தான், அடுத்த மாசம் போய்ப் பேச வேண்டும். அண்ணி, அந்தக் கீரைக் கிண்ணம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முறுக்குப் போட்டுக் கொண்டு வருகிறேன்.