கரி அடுப்பை வாசலில் வை

சேவூர்
ஐப்பசி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது. ஒர்க்‌ஷாப்பைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன், ஈரக் கையோடே பிரித்தேன். கோத்தகிரி வீடு கிரயம் முடிந்தது என்று படித்ததும் நானே வாங்கின மாதிரி இருந்தது. தங்கச்சியின் முழங்கால் வலி இப்போது எப்படி? இங்கே எல்லோரும் சுகம். சேகரு பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சேகரு மட்டும் அப்படியேதான் இருக்கிறான்.

எட்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை. வெள்ளியங்கிரி அண்ணன் பேத்தி சீருக்கும் வரவில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் உன் கடிதத்தின் நாலாம் பக்கம். "குளிருக்கு இப்போதைக்கு இரும்புச் சட்டியில் கரி போட்டுப் படுக்கையறையில் வைத்துக்கொள்கிறோம், அடுத்த வருஷம் சிலிண்டர் ஹீட்டர் வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கே போன் பண்ணி வேண்டாம் என்றேன். "மலையில எல்லாரும் இப்படித்தான் மாப்ளே" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். அம்மாவுக்கு 82 ஆகிறது, இன்னமும் அரப்புதான், ஷாம்பு ஆகாது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்தது உனக்குத் தெரியும். சாந்திக்குச் சொம்பு விழுந்த சத்தம் கேட்டிருக்கிறது, அப்புறம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும். கூப்பிட்டால் பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துத்தான் திறந்தோம். அம்மா சுவரில் சாய்ந்தபடி சரிந்து கிடந்தார். தலையில் பாதி அரப்பு அலசாமல் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் கேஸ் கீசர் இருக்கா?" உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். காற்று பற்றாமல் எரிகிற எதுவும் கார்பன் மோனாக்சைடு விடுமாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. நம் ரத்தம் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு முட்டுவது பல சமயம் தெரியாது, தலை வலிக்கும், கிறுகிறுக்கும், தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். கரிச் சட்டியும் இதையேதான் செய்யும் மாப்ளே, கீசரைவிட அதிகமாகவே செய்யும். புகை இல்லாமல் செக்கச்செவேலென்று கனிகிறபோதுதான் நாம் பயமில்லை என்று நினைக்கிறோம்.

இரண்டாம் நாள் அம்மா நன்றாகக் கண் விழித்து, "தலை அலசியாச்சா?" என்று கேட்டார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அந்தக் குளியலறையின் மேல் ஜன்னலை பழைய ஃப்ளெக்ஸ் துண்டால் அடைத்தது நான். அம்மாவுக்குக் கூதல் அடிக்கிறது என்று, மார்கழியில் நானே ஏணி போட்டு ஏறி அடைத்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் கடிதம் எழுதக் கை வரவில்லை.

சரி. கீசரை அன்றே கழற்றிவிட்டோம். சிலிண்டர் இப்போது சமையலுக்கு மட்டும், அதுவும் ஜன்னல் திறந்திருக்கிற சமையலறையில். வெந்நீருக்கு என்ன செய்வது என்று ஒரு மாதம் அலைந்தேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் மறுபடி விறகு அடுப்பு மூட்டலாம், சாந்திக்கு முடியாது. மொட்டை மாடியில் சோலார் வைக்கலாம் என்றால், நம்ம போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், பெரியப்பா வீட்டு சோலார் குழாயெல்லாம் மூன்று வருஷத்தில் சுண்ணாம்பு கட்டிப் போனது. கடைசியில் ஹீட் பம்ப்.

நீயும் நானும் கணபதியில் மோட்டார் பம்ப் சோதிக்கிற டெஸ்ட் பெட்டில் பதினோரு வருஷம் நின்றவர்கள். உனக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்குவது போல, இது வெளிக்காற்றிலிருந்து சூட்டைத் தூக்குகிறது. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை அல்லவா, அதே போல இதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் சுடுகிறதே, அதே கம்ப்ரஸர், அதே காயில், அதாவது சுருள் குழாய். கெல்வின் 1852லேயே இதை எழுதி வைத்துவிட்டாராம். எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் புரிந்தது.

ஹெட், அதாவது தூக்க வேண்டிய உயரம், கூடினால் கரண்ட் கூடும் என்பதும் அப்படியே பொருந்துகிறது. காற்று 25 டிகிரி, தண்ணீர் 55 வேண்டும் என்றால் ஹெட் 30. காற்று 8 டிகிரி என்றால் ஹெட் 47. கிணறு ஆழமாகிவிட்டது, அவ்வளவுதான்.

தனி மீட்டர் வைத்துப் பார்த்தேன். 200 லிட்டரை 30 டிகிரி ஏற்ற சாதாரணக் கம்பிச்சுருள் கீசருக்கு 7 யூனிட் வேண்டும், அது கணக்கு, யாராலும் குறைக்க முடியாது. இது இரண்டேகாலில் முடிக்கிறது. இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 280 யூனிட் வித்தியாசம். விலை ஒரு லட்சத்துக்கு மேல், அதையும் மறைக்கவில்லை. நாங்கள் ஆறு பேர், எங்களுக்குக் கட்டும். நீயும் தங்கச்சியும் மட்டும் என்றால் வெந்நீருக்காக மட்டும் இதை வாங்காதே, நல்ல 25 லிட்டர் கரண்ட் கீசர் போதும்.

ஒரு தப்பு நடந்தது, நீ கவனமாக இரு. மாட்ட வந்த ஆள் மழை படக்கூடாது என்று சாமான் அறைக்குள் வைத்து, கதவையும் சாத்திவிட்டுப் போய்விட்டான். ஒரு மணி நேரத்தில் அறை ஐஸ் பெட்டி ஆகிவிட்டது. தான் விட்ட குளிர் காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சுட ஆறு மணி நேரம் ஆனது. ஆள் வைத்துப் பொடக்காலிக்கு மாற்றி, மேலே தகரம் போட்டேன். அதே மெஷின், மூன்று மணி நேரம். குளிர்ந்த காயிலில் வியர்த்துச் சொட்டுகிற தண்ணீர் போக ஒரு குழாயும் விட வேண்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் காயில் டேங்குக்கு வெளியே சுற்றியிருக்கிறதா என்று கேட்டு வாங்கு, உள்ளே முக்கியிருந்தால் சுண்ணாம்பு அதன் மேல்தான் கட்டும். உள்ளே இருக்கிற மெக்னீசியக் கம்பியை அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும், டேங்குக்குப் பதில் அதுதான் அரிக்கும்.

இப்போது உன் அறைச் சூட்டுக்கு வருகிறேன். யாரோ தரைக்கடியில் குழாய் போட்டு மண்ணிலிருந்து சூடு எடுக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அது பனி கொட்டுகிற நாட்டுக்குச் சரி, அங்கே காற்று உறைந்தாலும் மண்ணுக்கடியில் சூடு நிலையாக இருக்கும். உன் இடம் பாறை, சரிவு. மலையைத் தோண்டாதே. கோத்தகிரிக் காற்றே தாராளம். படுக்கையறைக்கு மட்டும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி போடு, அதுவும் இதே ஹீட் பம்ப் வேலைதான், ஆனால் சூடும் தருகிற வகையா என்று பார்த்து வாங்கு, நம் ஊர்க் கடைகளில் இருப்பது பெரும்பாலும் குளிர் மட்டும் தருவது. அறைக்கு 22 டிகிரி போதும், 55 டிகிரித் தண்ணீருக்கு ஏற வேண்டிய உயரம் அதற்கு இல்லை. ஒரு ராத்திரி ரொம்பக் குளிர்ந்தால், வெளியே இருக்கிற காயிலில் பனி படியும். அப்போது சில நிமிஷம் ஊதுவதை நிறுத்தி, தானே உருக்கிக்கொள்ளும். ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடாதே.

அதற்கும் முன்னால் வீட்டை அடை. போட்டோவில் பார்த்தேன், தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லை, ஜன்னல் சட்டத்தில் விரல் நுழைகிற சந்து. மடை உடைந்த வாய்க்காலில் எத்தனை மோட்டார் போட்டு என்ன? முதலில் சீலிங், அதன் மேல் கம்பளிப் பஞ்சு மாதிரி வருகிறதே அந்த மெத்தை, ஜன்னல் சந்துகளுக்கு ரப்பர். இதெல்லாம் எரிகிற எதுவும் இல்லாத வீட்டுக்கு. கரியோ சிலிண்டரோ உள்ளே எரியும் வரை ஒரு சந்தைக்கூட அடைக்காதே. நான் அடைத்தேன்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று தங்கச்சி கேட்கும். கம்பளி இரண்டு வாங்கி வை. சுடுதண்ணீர் பை ஒன்று.

அம்மா உன்னைக் கேட்டார். நேற்றும் அரப்புக் குளியல்தான், ஆவி பறக்கப் பறக்க. சாந்தி கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், இப்போதும் உட்காருகிறாள்.

கார்த்திகை முதல் ஞாயிறு நான் வருகிறேன், டேப்பும் ரப்பர் சுருளும் எடுத்துக்கொண்டு. அதற்குள் படுக்கையறையின் நீளம், அகலம், உயரம், எத்தனை ஜன்னல், வீட்டுக்கு வருகிற கரண்ட் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்று எழுதிப் போடு. அதுவரை அந்தச் சட்டி வாசலில் இருக்கட்டும். தங்கச்சியிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மூர்த்தி