அவர்களை அனாதைகள் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கத் தமிழர்களின் தொண்டுகளைப் பற்றி வந்த கட்டுரையில், அனாதைக் குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடும் தொண்டர்கள் என்று ஒரு வரி இருந்தது. டெக்சாஸில் நான்கு வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். ஒரே வரியில் இரண்டு பிழைகள்.

முதலில் வாதாடுவது. எங்களுக்கு 'கோர்ட் அப்பாயிண்டட் ஸ்பெஷல் அட்வகேட்' என்று பெயர், அதாவது குழந்தைக்காக நீதிமன்றம் நியமிக்கும் தொண்டர். அதைச் சுருக்கி 'காசா' என்பார்கள். (என் மாமியார் போனில், "காசாவா? மாசம் எவ்வளவு தருவாங்க?" என்று கேட்டார். ஒரு பைசா கிடையாது.) அட்வகேட் என்றதும் வக்கீல் என்று நினைத்துவிடுகிறார்கள். குழந்தைக்கு வக்கீல் தனியாக இருக்கிறார். நான் கல்லூரியில் படித்தது கணக்கு. பின்னணி விசாரணை, முப்பது மணி நேரப் பயிற்சி, நீதிபதி முன் உறுதிமொழி, அவ்வளவுதான். அப்புறம் மாதம் ஒரு முறையாவது குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும். டீச்சர், டாக்டர், குழந்தையை வைத்திருக்கும் குடும்பம், பெற்ற அம்மா, பாட்டி என்று எல்லோரிடமும் பேசி, விசாரணைக்கு முன் நீதிபதிக்கு அறிக்கை எழுத வேண்டும்.

இது ஒரு நீதிபதியின் தூக்கம் கெட்டதால் வந்த ஏற்பாடு. சியாட்டிலில் டேவிட் சூகப் என்ற நீதிபதி, குழந்தையைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்கிறோமே என்று தவித்தார். உதவ யாராவது வருவார்களா என்று மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு கூட்டம் போட்டார். ஐம்பது பேர் வந்து நின்றார்கள். 1977இல் அங்கே தொடங்கியது, இன்று நாடெங்கும் இருக்கிறது.

இப்போது அந்த 'அனாதை'. நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். போதைப்பழக்கம், வீட்டில் அடிதடி, கவனிப்பின்மை என்று ஏதோ ஒன்றால் அரசு பிள்ளையைப் பிரித்து வைத்திருக்கிறது. பெற்றோர் சிகிச்சைக்குப் போக வேண்டும், வேலையும் வீடும் தேட வேண்டும் என்று நீதிமன்றம் பட்டியல் கொடுக்கும். டெக்சாஸில் அதற்கு ஏறக்குறைய ஒரு வருடக் கெடு, மிஞ்சிப் போனால் இன்னும் ஆறு மாதம். பாதுகாப்பாகத் திருப்பி அனுப்ப முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. தத்தெல்லாம் அதற்குப் பிறகு.

இது என் மண்டையில் ஏற ஒரு முழு வழக்கு தேவைப்பட்டது. பிள்ளையைப் பார்க்க ஒதுக்கிய நாட்களில் அந்த அம்மா மூன்று முறை வரவில்லை. "தாய்க்கு அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதினேன். என் மேற்பார்வையாளர் அந்த வரியைச் சுழித்து, "அக்கறை இல்லாததை நீ கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டார். விசாரித்தால், இரண்டு பஸ் மாறி வர வேண்டும், குறித்த நேரமோ அவருடைய ஷிஃப்டின் நடுவில். வரியை அடித்துவிட்டு, வராத தேதிகளையும் வேலை நேரத்தையும் மட்டும் எழுதினேன். சந்திப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். வந்தார், தலைவாரும் சீப்போடு. வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள், வெளியே சொல்லக் கூடாது.

சேர நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று. ஆங்கில உச்சரிப்புக்குக் கூச்சப்பட வேண்டாம், பிள்ளைகள் இரண்டாவது வாரமே பழகிவிடுவார்கள். ஆனால் ஒன்றரை வருடம் அதே ஊரில் இருப்பேன் என்ற உறுதி இல்லாவிட்டால் தயவுசெய்து வராதீர்கள். வழக்கைப் பார்க்கும் அரசு ஊழியர் மாறுகிறார், பள்ளிக்கூடம் மாறுகிறது, படுக்கிற வீடே மாறுகிறது. நீங்களும் பாதியில் போனால் அந்தக் கணக்கில்தான் சேர்வீர்கள். பாவம் என்று வீட்டுக்குக் கூட்டிவந்து தோசை சுட்டுப் போடலாம் என்ற ஆசையும் வேண்டாம், எங்கள் அமைப்பில் அதற்கு அனுமதி இல்லை. எனக்கே அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சரி, அனாதை இல்லையென்றால் வேறு என்ன எழுதுவது? 'வளர்ப்புப் பிள்ளை' என்றால் தத்தெடுத்த பிள்ளை என்று ஆகிவிடுகிறது. 'பராமரிப்பில் உள்ள குழந்தை' அரசாணை மாதிரி இருக்கிறது. நல்ல சொல் வைத்திருக்கும் வாசகர்கள் உங்களுக்கு எழுதட்டும். அதுவரை 'பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைகள்' என்றே அச்சிடுங்கள், கொஞ்சம் நீளமாக இருந்தாலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆஸ்டின், டெக்சாஸ்