ப்ராஜெக்ட் வேலை முடிஞ்சா காலியிடமும் காணாம போயிடுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள்ல காலியிடங்கள் பத்தி உங்க பேப்பர்ல வந்தத படிச்சேன், பேராசிரியர் இடமெல்லாம் நிரப்பாம கிடக்கறத நல்லாவே எழுதியிருந்தீங்க. ஆனா அந்தக் கணக்குலயே வராத ஒரு கூட்டம் இருக்கு, நானும் அதுல ஒருத்தி, அதான் எழுதறேன்.

ஒரு பல்கலைக்கழகத்துல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் (எலக்ட்ரான் கற்றைய வெச்சு ரொம்பச் சின்னத பெருசாக் காட்டற மெஷின்) ஆபரேட்டரா மூணு வருஷம் இருந்தேன். ப்ராஜெக்ட் போஸ்ட், அதாவது ஒரு ஆராய்ச்சித் திட்டத்தோட நிதி இருக்கற வரைக்கும்தான் வேலை. ஸ்விட்ச் போட்டா ஓடற மெஷின் இல்லைங்க அது, உள்ள இருக்கற காத்த உறிஞ்சி வேக்குவம் சரியா வர்ற வரைக்கும் காத்திருக்கணும், எலக்ட்ரான் விடற டங்ஸ்டன் ஃபிலமென்ட் எப்ப போகப்போகுதுன்னு பழகின கண்ணுக்குத்தான் தெரியும், மின்சாரம் கடத்தாத சாம்பிள்னா மேல தங்கத்த ரொம்ப மெல்லிசா பூசணும், இல்லன்னா சார்ஜ் ஏறி படம் வெளிறிப்போயிடும். கை படிய எனக்கே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ப்ராஜெக்ட் நிதி முடிஞ்ச அன்னிக்கு என் வேலையும் முடிஞ்சுது. இப்ப மெஷினுக்கு கவர் போட்டு மூடி வெச்சிருக்காங்களாம், அங்க பிஹெச்டி பண்ற பொண்ணு சாம்பிளெல்லாம் ரெடி பண்ணிட்டு மாசக்கணக்கா காத்துட்டிருக்கா.

ஆனா கணக்குப்படி அங்க காலியிடம் எதுவும் இல்ல! நிரந்தரப் பதவின்னா ஆள் ரிட்டையர் ஆனாலும் இடம் நிக்கும், காலின்னு எண்ணலாம், கேள்வி கேக்கலாம். ப்ராஜெக்ட் போஸ்ட்ல ஆள் போனா இடமும் கூடவே போயிடுது. போஸ்ட்டாக் (பிஹெச்டி முடிச்சுட்டு தற்காலிகமா ஆராய்ச்சி பண்றவங்க), லேப் டெக்னீஷியன், சோதனை விலங்குகள பாத்துக்கறவங்க, டேட்டாவுக்கு சாஃப்ட்வேர் எழுதறவங்கன்னு எத்தனையோ பேர் இப்படித்தான் இருக்காங்க.

அத விட எனக்கு ஆறாத கோபம் அந்த வேலைக்கு வந்த விளம்பரத்து மேலதான். "தற்காலிகப் பணி, நீட்டிக்க வாய்ப்பு உண்டு"ன்னு ஒரே வரி. அது அஞ்சு வருஷ ப்ராஜெக்ட்டு, நான் சேரும்போதே ரெண்டு வருஷம் ஓடிடுச்சுங்கறது சேந்து பல மாசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிய வந்துச்சு, முன்னாடியே தெரிஞ்சிருந்தா கையில இருந்த இன்னொரு வேலைய விட்டுட்டு வந்திருப்பேனான்னு இன்னிக்கும் யோசிக்கறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2005லயே ஆராய்ச்சியாளர்கள வேலைக்கு எடுக்கறதுக்குன்னு ஒரு நடத்தை விதி வெளியிட்டுச்சு. வேலை நிலைமை என்ன, மேல வளர வழி இருக்கான்னு விளம்பரத்துல சொல்லணும், விண்ணப்பிக்க நியாயமான அவகாசம் குடுக்கணும், எத்தனை இடம்னு சொல்லணும், தேர்வாகாதவங்களுக்கும் அவங்க விண்ணப்பத்துல எது நல்லா இருந்துச்சு எது குறைன்னு தெரிவிக்கணும்னு அதுல இருந்துச்சு (2023ல அதுக்குப் பதிலா புது சாசனம் வந்துச்சு). அந்த விதி கட்டாயச் சட்டமா இருக்கல, ஆனா நம்ம கேக்கறது நடக்காத காரியம் இல்லன்னு காட்டுது.

உங்க வேலைவாய்ப்புப் பக்கத்துல இந்த மாதிரி விளம்பரம் வரும்போது சம்பளம் எந்த நிதியிலேர்ந்து வருது, அந்த நிதி எந்த மாசம் முடியுதுன்னு அந்தப் பல்கலைக்கழகத்துக்கிட்ட கேட்டு சேத்துப் போடுங்க சார். பதில் குடுக்கலன்னா, குடுக்கலன்னே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி
(முன்னாள் மைக்ராஸ்கோப் ஆபரேட்டர்)