எல்லை வயர் தவறாகப் பதிக்கப்பட்டது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களிடம் தானியங்கிப் புல்வெட்டி ஒன்றை வாங்கியதோடு, அது புல்தரையைத் தாண்டாமலிருக்க மண்ணில் புதைக்கும் எல்லை வயரைப் பதிக்கும் கூலியாக 900 ரிங்கிட்டைத் தனியாகச் செலுத்தினேன். பதித்துச் சென்ற மூன்றாம் வாரமே புல்வெட்டி வண்டி நின்றுவிட்டது. பார்க்க வந்த தங்கள் ஊழியர், மழை அதிகம் என்றும் எலி கடித்திருக்கும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு, மீண்டும் வயர் போட 450 ரிங்கிட் கேட்கிறார். அக்குறிப்பை நான் ஏற்கவில்லை. பேராக்கில் மழை பெய்யும் என்பது விற்கும்போதே தெரிந்த விஷயம்தானே!

மின்னேற்று மேடையில் தொடங்கும் வயர், புல்தரையைச் சுற்றி மீண்டும் அதே மேடைக்கு வந்து சேர்ந்தால்தான் அதில் சமிக்ஞை ஓடும். ஓரிடத்தில் அறுந்தாலும் முழுச் சுற்றும் செத்துவிடும். அப்படி அறுந்த இடத்தை ஊழியர் தோண்டிப் பார்க்கவே இல்லை. நான் தோண்டினேன். ரோஜாப் பாத்தி ஓரத்தில், வயர் எட்டாமல் போனதால் இரண்டு துண்டுகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிப் புதைத்திருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. செம்புக் கம்பி பச்சை பூத்து, நகம் பட்டவுடன் பொடிந்தது. பல் பட்ட தடமே இல்லை. முறுக்கி டேப் சுற்றக் கூடாது, ஜெல் நிரப்பிய நீர் புகாத இணைப்பானையே பயன்படுத்த வேண்டும் என்று தங்கள் கையேடே சொல்கிறது. அந்த இணைப்பான்கள் நான்கும் உறை பிரிக்கப்படாமல் பெட்டியில் கிடக்கின்றன.

வண்டி மோதாமலிருக்க ரம்புத்தான் மரத்தைச் சுற்றி வயர் போட்ட பகுதியும் பிழையானதே. மரத்துக்குப் போகும் வயரும் திரும்பி வரும் வயரும் ஒட்டிக் கிடந்தால்தான் இரண்டின் சமிக்ஞையும் ஒன்றையொன்று அழித்து, வண்டி அவற்றைத் தாண்டிப் போகும். இங்கே ஓரடி இடைவெளி விட்டிருப்பதால், ஓடிய நாளெல்லாம் வண்டி அதையே எல்லையாகக் கொண்டு திரும்பிவிட, துளசி மாடத்துப் பக்கம் புல் கணுக்காலை மறைக்கிறது. பின்புறக் கால்வாய் விளிம்பிலிருந்து ஒரு சாண் மட்டுமே தள்ளிப் பதித்ததில் வண்டி இருமுறை உள்ளே விழுந்து, மேல்மூடி கீறியது.

நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்). செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்றுகளை ஒன்பது மீட்டர் முக்கோண அளவில் நட, வரிசைக் கயிறு பிடிப்பதை மேற்பார்த்தவன். அன்று கயிறு கோணினால் மரம் 25 ஆண்டு கோணலாக நிற்கும் என்பதால் அளந்த பிறகே முளை அடிப்போம். தங்கள் ஆட்கள் என் கண்முன் ஒருமுறைகூட அளவு நாடாவை எடுக்கவில்லை.

ஆகவே, முழு வயரையும் கையேட்டின்படி கட்டணமின்றி மறுபடி பதித்து, மேல்மூடியையும் மாற்றித் தர வேண்டும். இயலாதெனில் 900 ரிங்கிட்டைத் திருப்பித் தர வேண்டும். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள உத்தரவாதம். 14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 5 ரிங்கிட் கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன்.

வருபவரைக் காலையிலேயே அனுப்புங்கள். பிற்பகலில் மழை பிடித்துக்கொள்கிறது. தோண்டிய குழியை மூடாமல் பலகை போட்டு வைத்திருக்கிறேன். பொடிந்த வயர்த் துண்டு என்னிடம் உள்ளது. அதன் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்