ஒண்ணுமே இல்லைன்னா என்ன?

கண்ணா,

அன்னிக்கு போன்ல "கடைசில எல்லாமே ஒண்ணுமில்லம்மா, சயின்ஸே அப்படித்தான் சொல்லுது"ன்னு சொன்னியே, அதுல இருந்து எனக்கு அதே நினைப்புதான். சயின்ஸ் அப்படி சொல்லலடா. நீ சோர்ந்து போய் சொன்னது தெரியும், ஆனாலும் இதை அப்படியே விட எனக்கு மனசு வரல.

வெற்றிடம்னு ஒண்ணு இருக்கவே முடியாதுன்னு அரிஸ்டாட்டில் சொன்னதைத்தான் ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தாங்க. 1640கள்ல இத்தாலில டாரிசெல்லிங்கற விஞ்ஞானி வெற்றிடத்தை உண்டாக்க ஒரு வழி சொன்னாரு. ஒரு பக்கம் மூடின, மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய்ல முழுக்க பாதரசத்தை ஊத்தி, வாயை விரலால அடைச்சு, பாதரசம் இருக்குற கிண்ணத்துக்குள்ள தலைகீழா நிறுத்தி விரலை எடுத்தா, பாதரசம் சர்ருன்னு இறங்கி சுமார் 76 செ.மீ உயரத்துல நின்னுடும். மேல ஒரு இடைவெளி விழும், காத்து அதுக்குள்ள போக வழியே கிடையாது. அப்போ அங்க என்னதான் இருக்கு? கொஞ்சூண்டு பாதரச ஆவி இருக்கு. அது போக, வெளிச்சம் அந்த இடைவெளி வழியா தாராளமா போகுது, காந்தத்தோட இழுவையும் போகுது. எதுவுமே இல்லாத இடம்னா அதெல்லாம் எப்படிடா போகும்?

சரி, இன்னும் துடைச்சுப் பாப்போம். கடைசி அணு வரைக்கும் எடுத்தாச்சு, சுவர்ல இருந்து வர்ற வெப்பக் கதிரும் வேணாம்னு மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸுக்கே கொண்டு போய்ட்டோம்னு வச்சுக்கோ (குளிரோட கடைசி எல்லை அதுதான், நிஜத்துல அதைத் தொடவே முடியாது). அப்பவும் எங்கயும் பரவியிருந்து வெளிச்சத்தையும் காந்த இழுவையும் சுமக்குற மின்காந்தப் புலம் சும்மா இருக்காது, அணு அளவு சின்ன விஷயங்களுக்கான குவாண்டம் விதிப்படி ஒரு குறைஞ்சபட்ச துடிப்பு இருந்தே தீரும். இதை வச்சுத்தான் 1948ல காசிமிர்ங்கற இயற்பியலாளர், வெற்றிடத்துல ரெண்டு உலோகத் தகடை ரொம்ப நெருக்கமா வச்சா அதுங்க ஒண்ணை ஒண்ணு இழுக்கும்னு கணக்கு போட்டாரு. மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்கு இடைவெளி வச்சு 1997ல லாமொரோங்கற இயற்பியலாளர் அதை நல்லா துல்லியமா அளந்தும் காட்டிட்டாரு. ஹிக்ஸ் புலம்னு எங்கயும் பரவியிருக்குற இன்னொரு புலமோ வெற்றிடத்துலயும் பூஜ்யமா இருக்கறதே இல்ல, எலக்ட்ரானுக்கு நிறை வர்றதே அதனாலதான்.

அதனால குவாண்டம் வெற்றிடத்துல இருந்து பிரபஞ்சம் வந்துச்சு, ஆகவே சூன்யத்துல இருந்து வந்துச்சுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அந்த வெற்றிடத்துக்குப் புலம் இருக்கு, விதி இருக்கு, அதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்ற கேள்வி அப்படியே நிக்குதே. ஒண்ணுமே இல்லாம போயிருக்கலாமே, ஏன் ஏதோ ஒண்ணு இருக்குன்னு 1714ல லைப்னிட்ஸ்ங்கற ஜெர்மன் தத்துவ ஞானி கேட்டாரு பாரு, அது வேற கேள்வி, எந்த பம்ப்பை வச்சு உறிஞ்சினாலும் அதுக்குப் பதில் வராது.

நீ சொன்னதுக்குக் கிட்ட வர்றவர் பௌத்த தத்துவ ஞானி நாகார்ஜுனர்தான்னு தோணும். ஆனா அவர் சூன்யம்னு சொன்னது எதுவுமே இல்லைங்கற அர்த்தத்துல இல்லடா. எதுவும் தானா தனியா நிக்கல, ஒவ்வொண்ணும் வேற ஏதோ ஒண்ணைச் சார்ந்துதான் இருக்குன்னாரு. எதுவுமே இல்லைன்னு எடுத்துக்கறதை அவரே மறுத்து வாதாடினவரு. நீயும் நானும் அப்படி ஒண்ணைச் சார்ந்து ஒண்ணு இருக்கறவங்கதானே, அதுல ஒண்ணுமில்லைங்கறதுக்கு எங்கடா இடம்?

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒண்ணு இருக்கு. இடம், காலம், பொருள் மூணுமே இல்லைன்னா, இயற்பியல் விதி மட்டும் இருக்கும்னு சொல்ல முடியுமா? நீ என்ன நினைக்கிறேன்னு எழுது, மெசேஜ்ல ரெண்டு வரி போட்டு தப்பிக்காதே, நிதானமா நீளமா எழுது.

அம்மா