ஷார்ட்டிங் பிளக் யார் பையில்?

அன்புள்ள சுகந்திக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குடமுருட்டியில் தண்ணீர் ஓடுகிறது, சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. மேலத்தெரு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது. நீ வரும்போது பேசிக்கொள்ளலாம்.

ராக்கெட் மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் பிரிவுக்கு நீ மாறியதை முரளி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கெட்டிக்காரர்களைத்தான் அங்கே போடுவார்கள், சந்தோஷம். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, விடு.

பிரேசில் விபத்தை நீ படித்திருப்பாய். 2003 ஆகஸ்ட் 22, அல்கான்டரா ஏவுதளம். ஏவுவதற்கு இன்னும் மூன்றே நாள். கோபுரத்தில் ஆட்கள் வேலையில் இருக்கும்போதே வி.எல்.எஸ். ராக்கெட்டின் முதல் கட்ட மோட்டார் நான்கில் ஒன்று தானாகப் பற்றிக்கொண்டது. 21 பேர் போனார்கள். மின்கசிவா, நிலைமின்சாரமா என்று கடைசிவரை அறுதியிட முடியவில்லை. எதுவாக இருந்தால் என்ன? பற்றவைக்கும் தடத்தில் குறுக்கே நிற்க ஓர் இயந்திரத் தடுப்பு இருந்திருந்தால் இரண்டுமே ஒன்றும் செய்திருக்காது. 1997, 1999 இரண்டு முறையும் தோற்றிருந்தார்கள். காசில்லை, ஆளில்லை, மூன்றாவது முறையாவது போயாக வேண்டும். எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது.

இந்த மாதிரி மோட்டாருக்குள் இருக்கும் திட எரிபொருளில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அம்மோனியம் பெர்குளோரேட், அதோடு அலுமினியத் தூள், பிடித்து வைக்க ரப்பர். ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால் வைக்கோல் போர் மாதிரி தண்ணீர் அடித்து அடக்க முடியாது. பற்றினால் தீர்ந்துதான் நிற்கும்.

அதனால் வரிசையை மாற்றாதே. முதலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சாவியை உன் பையில் போட்டுக்கொள். பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்காரர் பையில் அல்ல, உன் பையில். பிறகு தடத்தில் மீட்டர் வைத்துத் தேவையற்ற வோல்ட்டேஜ் இல்லையென்று பார். இக்னைட்டரின் மின்தடையை அதற்கென உள்ள குறைந்த மின்னோட்ட மீட்டரில்தான் அளக்க வேண்டும், சாதாரண மல்டிமீட்டரைக் கிட்டேயே கொண்டுவராதே. வாக்கிடாக்கி, போன் எல்லாம் வெளியே. இடி கேட்டால் எல்லோரையும் இறக்கிவிடு. இக்னைட்டரின் கம்பிகளை ஒன்றாக இணைத்து, தவறி மின்சாரம் பாயாமல் காக்கும் ஷார்ட்டிங் பிளக்கைக் கழற்றுவது கடைசி வேலை. அப்போது அங்கே இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

நம்மூர்க் கசகசப்பில் உடம்பின் மேல் மின்னேற்றம் அவ்வளவாகத் தங்காது. ஏசி அறையில் காற்று காய்ந்தால் நைலான் துணி உரசினாலே ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறும். கையில் சுருக்கென்று உறைப்பதற்கே மூவாயிரம் வோல்ட் அளவுக்கு வேண்டும், அதனால் உறைக்கவில்லையே என்று நம்பாதே. உள்ளாடைகூடப் பருத்தியாகவே இருக்கட்டும். உடம்பின் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் கால் பட்டையைத் தினமும் சோதித்துவிட்டு உள்ளே போ.

ககன்யானைப் பற்றி ஊரே பேசுகிறது. பெருமைதான். ஏறிப்போகிறவரைக் காப்பாற்றும் தப்பிக்கும் அமைப்பை 2023 அக்டோபர் 21-ல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். கீழே நின்று பிளக் மாட்டுகிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. 1980-ல் சோவியத் நாட்டின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தில் எரிபொருள் நிரப்பும்போது 48 பேர், 2004-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் 6 பேர். விண்வெளிக்குப் போனவர்களைவிடத் தரையில் நின்றவர்கள்தான் ராக்கெட்டுக்கு அதிகம் பலியானார்கள். குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் வந்துவிட்டால் சின்ன ராக்கெட்டுகள் அடிக்கடி போகும், உங்களைப் போன்ற தனியார் கம்பெனிகள் தேதி குறித்துக்கொண்டு ஓடும். ஓடட்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எழுத்தில் உனக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வை. வாய்ச்சொல் போதாது.

தீபாவளிக்கு வரமுடியாது என்றாயாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முறுக்கும் நான்கு பருத்திச் சட்டையும் பார்சலில் வருகின்றன.

மறுபடியும் கேட்கிறேன், உங்கள் இடத்தில் சாவியும் பிளக்கும் யாரிடம் இருக்கின்றன? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இதற்கு மட்டுமாவது பதில் சொல்.

அப்பா